எல்லாம் சரியாகச் சொன்ன பெண்

“ஒரு அடையாளம்கூட இல்லக்கா. அதான் எனக்குப் பயமா இருக்குது,” என்றாள் நர்ஸ் லதா.

நாற்காலியின் பின்னங்கால்களில் ஆடிக்கொண்டிருந்த ஷெர்வின் தடாலென்று நேராக உட்கார்ந்தான். கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறை ஆபீசுக்கு வருகிறவர்கள் ஏதாவது ஓர் அடையாளத்தோடுதான் வருவார்கள். புருஷன் சட்டையில் லிப்ஸ்டிக், பார்ட்னர் போட்ட பொய்க் கையெழுத்து, களவுபோன ஸ்கூட்டரில் மிஞ்சிய ஒரே கண்ணாடி. ஒன்றுமே இல்லை என்று புகார் கொடுக்க வந்த முதல் ஆள் இவள்தான்.

“சிஸ்டர், எங்க வீட்லயும்தான் ஒண்ணும் இல்ல. நாங்க யார்கிட்ட போயி சொல்றது?”

“ஷெர்வின், கொஞ்சம் வாயை மூடு,” என்றாள் நிலா. “நீ சொல்லும்மா.”

நிலா ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் கிளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்தவள். தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து அலுத்துப்போய், சொந்த ஊரிலேயே துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். அதே ரயிலில், அதே பெட்டியில், கால் சென்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் ஷெர்வின். ஏறின இடத்திலிருந்து இறங்குகிற இடம்வரை மூச்சுவிடாமல் பேசுகிறவன் எதற்காவது உதவுவான் என்று அவனையும் சேர்த்துக்கொண்டாள். அந்த முடிவைப் பற்றி அவள் இன்றுவரை கருத்து எதுவும் சொன்னதில்லை.

லதா தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். அவள் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் போன மாதம் ஒரு வகுப்பு நடந்தது. ஆட்களைக் கடத்திக் கொண்டுவந்து அடைத்துவைத்து வேலை வாங்குகிறார்கள்; அப்படிப்பட்டவர்கள் காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது என்று பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் வந்து சொல்லிக்கொடுத்தார்.

“கூட வர்றவங்க பேஷண்ட்டைப் பேச விடமாட்டாங்கன்னு சொன்னாங்க. இந்தப் பொண்ணு அதுவாவே பேசுது. ஆதார் கார்டு, கூட வர்றவங்க கையிலதான் இருக்கும்னாங்க. இவ நான் கேக்கறதுக்கு முன்னாலயே கார்டை நீட்டறா. கண்ணைப் பாத்துப் பேசமாட்டாங்கன்னாங்க. இவ போட்டோ எடுக்க உக்காந்த மாதிரி என்னையே பாக்கறா.”

“நல்ல பொண்ணா இருக்கக்கூடாதா?” என்றான் ஷெர்வின்.

“உள்ளங்கை கிழிஞ்சு தையல் போடறோம். அந்த நேரத்துலயும் பின்கோடோட அட்ரஸ் சொல்றா. இதுக்கு முன்னால வேற ஒரு பொண்ணு வந்தா. அதே மாதிரி காயம், அதே மாதிரி பதில். டாக்டர்கிட்ட சொன்னேன். சந்தேகத்துல யாரையும் மாட்டிவிடாதேன்னுட்டாரு. வியாழக்கிழமை கட்டுப் பிரிக்க வருவாக்கா. அதோட போயிடுவா.”

நிலா மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். “வகுப்புல சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டா இந்தப் பொண்ணு வருது. பாடம் கேட்டவங்களாலதானே அதைத் திருப்பிப் போட முடியும்? அன்னிக்கி யார் யாரு உக்காந்திருந்தீங்க?”

லதாவின் முகம் வெளுத்தது. “நானு, டாக்டர் சிவகுமார், மெடிக்கல் ஷாப் சரத், டோக்கன் குடுக்கற பார்வதம்மா. அவ்ளோதான்.”

“ஷெர்வின், போயி டீ வாங்கிக்கினு வா.”

“ஒரு சத்தம் குடுத்தா கீழருந்து வந்துடுமே...”

“நீயே போ.”

அவன் டீயோடு வந்தபோது லதா படி இறங்கிக்கொண்டிருந்தாள். புரியாத ஒரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்ட முகம்.

“இன்னாக்கா சொல்லி அனுப்புனீங்க?”

“அந்த மூணு பேர்கிட்டயும் தனித்தனியா கொஞ்சம் வம்பு பேசச் சொன்னேன்.”

“அதை நான் சும்மாவே செஞ்சிருப்பேனே!”

நிலா டீயைக் குடித்தாள்.

வியாழக்கிழமை காலை மைசூர் மைன்ஸ் பக்கம் இருக்கும் அந்த நர்சிங் ஹோமில் ஷெர்வின் புது வார்டு பாய். கொடுத்த நீலச் சட்டை அவனைப்போல் இரண்டு பேருக்கு ஆகும். நிலா கேஸ் ஷீட் எழுத வந்த புது ஆள் என்று லதா சொல்லிவைத்திருந்தாள். டாக்டர் சிவகுமார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்து, “இத்தனை பேரு எதுக்கு இப்போ?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு இரண்டு தடவை கதவைத் திறந்து ஹாலை எட்டிப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று தெரியவில்லை.

ஷெர்வின் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எல்லோரையும் சந்தேகப்பட்டான். மருந்து கவுன்ட்டரில் இருந்த சரத், கட்டுப்போடும் அறைக்கு யார் போனாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தான். ஹாலின் மூலையில் பல்வலிக்காரர் ஒருவர் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டே இருந்தார். டோக்கன் மேசைப் பார்வதம்மா ஒருத்திதான் அவனை மனிதனாக நடத்தியது. முந்தானைக்குள் ஒரு காதில் இயர்போன், நெற்றி நிறையக் குங்குமம், கன்னடம் கலந்த தமிழ்.

“ஊட்டா ஆயித்தா கண்ணு, சாப்ட்டியா? இந்தா, மிட்டாய் சாப்பிடு. நான் தேவர பாட்டு, சாமி பாட்டு கேக்கறேன், கொஞ்சம் சத்தமா கூப்பிடு என்னை.”

அவன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டபோது அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

ஒல்லியான உடம்பு. வலது கையில் கட்டு. வெறும் நெற்றி, வளையல் இல்லாத கை. ஆனால் தலையில் ஒரு பந்து கனகாம்பரம். பின்னாலேயே, முப்பது வயதிருக்கும், ஒரு பெண் கைப்பையோடு வந்தாள். பெண்ணுக்கு அத்தை என்று பார்வதம்மாவிடம் சொன்னாள்.

“கட்டுப் பிரிக்க வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?” என்றான் ஷெர்வின். சிரிக்க வேண்டிய இடம்தான். அவள் சிரிக்கவில்லை. கார்டை நீட்டினாள். பவ்யா, வயது பத்தொன்பது என்றது கார்டு. முகம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற முகம்.

கட்டுப்போடும் அறைக்குள் வந்ததும், யாரும் சொல்லாமலே அத்தை எழுந்தாள். “நான் வெளிய இருக்கேன். நீங்க பாருங்க.” கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

லதா கட்டைப் பிரித்தாள். நிலா பேனாவை எடுத்தாள்.

“எங்கம்மா இருக்கறே?”

“ஸ்கெலட்டன், மூணாவது லைன்,” என்று ஆரம்பித்து, வீட்டு எண், தபால் ஆபீஸ், பின்கோடு என்று ஒரே மூச்சில் முடித்தாள்.

ஷெர்வினுக்குப் புரையேறியது. அவன் பிறந்து வளர்ந்ததே ஸ்கெலட்டன் என்ற அந்தச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில்தான். இந்த வயதிலும் அவனுக்கு அந்த ஊர்ப் பின்கோடு தெரியாது. மாதா கோயில் சந்து, குழாய்க்குப் பக்கத்து வீடு என்றுதான் யாருக்கும் சொல்ல வரும்.

“கை எப்படிக் கிழிஞ்சுது?”

“வீட்ல கிளாஸ் உடைஞ்சுது.”

“சரி. உங்க லைன்ல இன்னிக்கி தண்ணி வந்துச்சா? எங்க பக்கம் ஒரே கஷ்டமா இருக்குது,” என்றாள் நிலா, பக்கத்து வீட்டுக்காரி பேசுவதுபோல.

பெண் முதல்முறையாகத் தடுமாறினாள். பதில் எங்கே இருக்கிறது என்று தேடினாள். “வருதுங்க. தெனமும் நல்லா வருது.”

ஷெர்வின் துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். கோலார் தங்கவயலில் தினமும் நல்லாத் தண்ணீர் வருகிற லைன்! அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே மூட்டை முடிச்சோடு குடி போய்விடலாம்.

நிலா அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவனுடைய அம்மா சர்ச்சில் முழங்கால் போடும்போதுகூடக் கைப்பையைக் கீழே வைக்கமாட்டாள். முன்பின் தெரியாதவர்கள் அறையில் எந்தப் பெண் பையை விட்டுவிட்டுப் போவாள்? தரையைத் துடைக்கிற சாக்கில் குனிந்தான். பாதி திறந்த ஜிப்புக்குள் போன். திரையில் வெளிச்சம். யாரோ அழைப்பில் இருந்தார்கள். அந்தப் பை கேட்டுக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து, காதைத் தொட்டுக் காட்டினான். நிலா தலையை லேசாக அசைத்துவிட்டு, குரல் மாறாமல் சொன்னாள்: “லதா, உள்ள கண்ணாடித்துண்டு ஏதாச்சும் தங்கியிருக்கப் போவுது. ஒரு எக்ஸ்ரே பாத்துடலாமா?”

லதா அரை விநாடி விழித்தாள். பிறகு புரிந்துகொண்டாள். “ஆமா, பாத்துடலாம். பை, போன், கம்மல் எதுவும் உள்ள வரக்கூடாதும்மா. எல்லாம் இங்கயே இருக்கட்டும். வா.”

எக்ஸ்ரே அறை அதை ஒட்டியே இருந்தது. கனமான கதவு சாத்திக்கொண்டதும் வெளிச்சத்தம் அத்தனையும் அறுந்துபோனது. லதா மெஷினைத் தொடவில்லை. ஷெர்வின் கதவோரமாகவே நின்றுகொண்டான். நிலா அந்தப் பெண்ணுக்கு எதிரே, அவளைவிடத் தாழ்வாக, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இங்க பேசறது வெளிய யாருக்கும் கேக்காது. பைக்கும் கேக்காது. நீ சொன்னாதான் ஆச்சுன்னு கட்டாயம் இல்ல. வேணாம்னா கட்டுப் போட்டு அனுப்பிடறோம். உனக்கு இன்னா வேணும்?”

பெண் கட்டுப் பிரித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெர்வினுக்கு எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் போலிருந்தது. நிலாவின் முதுகைப் பார்த்துப் பேசாமல் இருந்தான்.

கடைசியில், பின்கோடோடு விலாசம் சொன்ன அந்தப் பெண் கேட்டாள்: “அக்கா, இது இன்னா ஊரு?”

லதா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு வார்த்தைகள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. பேர் பவ்யா இல்லை, பச்சையம்மா. வயது பதினாறு. ஜவ்வாது மலையில் ஊர். பேக்கரியில் வேலை என்று சொல்லி அவளையும் தங்கச்சியையும் வண்டியில் ஏற்றினார்கள். இறக்கியது ஒரு குடோனில். பழைய பாட்டில் கழுவுகிற வேலை. இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு.

“எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து, ஒப்பிக்கச் சொல்லிட்டுதான் கூட்டியாருவாங்க. நான் பேசறதைக் கேட்டுக்கினே இருப்பாங்களாம். தப்பாச் சொன்னா தங்கச்சிக்குச் சோறு கிடையாது. வேற எங்கயாச்சும் அனுப்பிடுவாங்க அவளை.”

“குடோன் எங்கன்னு தெரியுமா?”

“வண்டியில ஜன்னலை மூடிடுவாங்க. குடோன் மேல சின்ன ஜன்னல் ஒண்ணு இருக்குது. பாட்டில் பெட்டி மேல ஏறிப் பாப்போம். வெள்ளையா ஒரு மலை. புல்லுகூட இல்ல. எங்க ஊர்ல அப்படி மலை கிடையாது.”

“சயனைடு மண்மேடு,” என்று முணுமுணுத்தாள் லதா. “சுரங்கத்துல தங்கம் பிரிச்சுட்டுக் கொட்டின மண்ணு. அது ஊரைச் சுத்தி எங்க பாத்தாலும் இருக்குதே.”

“அப்புறம்?” என்றாள் நிலா.

“ரயிலு தெரியும். ஆனா அது கிறுக்கு ரயிலுக்கா. வரும், நிக்கும், வந்த பக்கமே திரும்பிப் போயிடும். எந்த ரயிலும் தாண்டிப் போனதே இல்ல.”

ஷெர்வினின் வாயிலிருந்த மிட்டாய் உடைந்தது. “அக்கா! தண்டவாளம் முடியற இடம் நம்ம ஊர்ல ஒண்ணுதான். மாரிகுப்பம். அந்த ரயிலுக்குப் போறதுக்கு வேற ஊரே கிடையாது!”

நிலா திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் கொஞ்ச காலத்துக்குச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு பச்சையம்மாவின் தலையைப் பார்த்தாள்.

“இந்தப் பூவை யாரு வச்சுவிட்டாங்க?”

“அத்தைதான். இன்னிக்கி கட்டாயம் பூ வச்சுக்கினுதான் போகணும்னு போன் வந்துச்சாம். அதுக்கோசரம் வழியில நிறுத்தி வாங்குனாங்க.”

நிலா எழுந்துவிட்டாள். “ஷெர்வின், ஹாலுக்குப் போ. பார்வதம்மா மேசை முன்னால நெஞ்சு வலின்னு விழு. அந்தம்மாவோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கோ. விடாதே. எங்கயும் போன் பண்ணக்கூடாது.”

“பார்வதம்மாவா? டாக்டர் இல்ல? அக்கா, அந்தம்மா எனக்கு மிட்டாய்...”

“போ!”

அவன் போனான். நடிப்பைப் பற்றி அவனுக்கு எப்போதும் உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. ஹாலில் பார்வதம்மா இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன்.

“அம்மா, நெஞ்சு!” என்று அலறிக்கொண்டு மேசைமேல் சாய்ந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பற்றினான்.

“ஐயோ கண்ணு! டாக்டர்! யாராச்சும் வாங்கப்பா! கையை விடு, தண்ணி தரேன்...”

“விட்டா போயிடுவேம்மா. கடைசியா ஒரு தாயோட கையைப் பிடிச்சுக்கறேன்.”

அவள் உதறினாள். அந்தக் குண்டுக் கைகளில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு கை நழுவியது. கட்டைவிரல் திரையைத் தேடிய நேரத்தில், மேலிருந்து வேறொரு கை வந்து போனை உருவிக்கொண்டது.

பல்வலிக்காரர். தாடைத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எஸ்.ஐ. சாம்ராஜ். நிலா சொல்லித்தான் காலையிலருந்து உக்காந்திருக்கேன். எழுந்திருக்காதீங்கம்மா.”

டாக்டர் ஸ்டெதஸ்கோப்போடு ஓடிவந்தார். சரத் கவுன்ட்டரைத் தாண்டிக் குதித்து வந்தான். சாம்ராஜ் யாரையும் பார்க்காமல் போனை வாய்க்கருகே கொண்டுபோய் ஒரு செருமல் செருமினார்.

திறந்திருந்த கட்டுப்போடும் அறைக்குள், நாற்காலியில் இருந்த கைப்பை செருமியது.

வாசலில் நின்றிருந்த அத்தை ஓட முயலவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“இன்னா நடக்குது இங்க?” டாக்டரின் குரல் உடைந்திருந்தது. “பார்வதம்மா எங்ககூட எத்தனை வருஷமா இருக்காங்க தெரியுமா?”

“தெரியும் டாக்டர். உங்க மேலதான் எனக்கு மொதல்ல சந்தேகம்,” என்றாள் நிலா. “வகுப்பு எடுத்த அம்மா அப்புறமா போன் பண்ணி இன்னொரு அடையாளம் சொன்னாங்கன்னு, உங்க மூணு பேர்கிட்டயும் லதாவைப் பொய் சொல்லச் சொன்னேன். ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பொய். உங்ககிட்ட, அப்படிப்பட்ட பொண்ணுங்க வளையல் போட்டிருக்காதுன்னு. சரத்கிட்ட, பொட்டு வச்சிருக்காதுன்னு. பார்வதம்மாகிட்ட, தலையில பூ இருக்காதுன்னு. இன்னிக்கி அந்தப் பொண்ணு வளையல் இல்லாம, பொட்டு இல்லாம, பூவோட வந்துச்சு.”

ஷெர்வின் கீழே கிடந்தபடியே வாயைப் பிளந்தான். சரத்துக்கு வியர்த்திருந்தது. “சத்தியமா நான் லதா சிஸ்டரைப் பாக்கத்தான் எட்டிப் பாப்பேன்,” என்றான் யாரும் கேட்காமலே.

பார்வதம்மா அழவில்லை. இயர்போனை எடுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். “என் தம்பியோட குடோன் அது. அவன் இஷ்டத்துக்கு விட்டிருந்தா அந்தக் கையைப் பழந்துணியில சுத்தி வச்சிருப்பான். ஆஸ்பத்திரிக்கு அனுப்புடான்னு சொன்னதே நான்தான். தையல் போட்டாச்சு, மருந்து குடுத்தாச்சு. நான் இல்லன்னா யாரு செய்வாங்க?”

அவளுடைய முகத்தில் இருந்த நிஜமான வருத்தத்தை ஷெர்வின் பார்த்தான். மிச்ச மிட்டாயைத் துப்பிவிட்டு எழுந்தான்.

நிலா இடத்தைச் சொல்ல, சாம்ராஜ் வயர்லெஸ்ஸில் மாரிகுப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லதா குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. பூட்டு உடைக்கப்பட்டது, தம்பிக்காரன் பின்பக்கம் ஏறிக் குதித்துக் கால் முறிந்து கிடந்தான், உள்ளே நான்கு பேர். சாம்ராஜ் போனைப் பச்சையம்மாவிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் சின்னக் குரல் ஒன்று, “அக்கா, ஜீப்ல ஏத்திக்கினு போறாங்க, போவட்டுமா?” என்று கேட்டது. “போ. நானும் வரேன், போ,” என்றாள் பச்சையம்மா. காதிலிருந்து போனை எடுக்கவே மனசில்லை அவளுக்கு.

மிச்சம் இருந்தது அத்தை மட்டும். பெண் போலீஸ் பக்கத்தில் நிற்க, கட்டுப்போடும் அறைக் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பேர் சின்னம்மா என்று மட்டும் சொல்லியிருந்தாள். கிளம்பச் சொன்னபோது எழுந்தவள், இடது காலை ஊன்ற முடியாமல் இழுத்தாள்.

“காலுக்கு இன்னா?” என்றார் டாக்டர். வாய்ப் பழக்கத்தில் கேட்ட கேள்வி.

“பாட்டில் ஏறிச்சு. நாலஞ்சு வருஷம் ஆவுது. நீங்கதான் தையல் போட்டீங்க.” சின்னம்மா கட்டிலைத் தடவினாள். “இதே கட்டில்தான். அப்ப எனக்கு யாரும் பாடம் சொல்லித் தரல. அத்தைன்னு வேற ஒருத்தி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தா. யாராச்சும் அவளை வெளிய அனுப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடலாம்னு உங்க மூஞ்சையே பாத்துக்கினு இருந்தேன். நீங்க மாத்திரை எழுதிக் குடுத்தீங்க.”

டாக்டர் சிவகுமார் கண்ணாடியைக் கழற்றினார். ஷெர்வின் தன்னையறியாமல் நிலாவைப் பார்த்தான். அவளும் இதை எதிர்பார்க்கவில்லை என்று அவள் முகம் சொன்னது.

“சரி, நடங்க. ஸ்டேஷன்ல பேசிக்கலாம்,” என்றார் சாம்ராஜ்.

“சார்,” என்றார் டாக்டர். “இவங்க என் பேஷண்ட். கொஞ்ச நேரம் எல்லாரும் வெளிய இருங்க. லதா, நீ மட்டும் இரு.”

சாம்ராஜ் நிலாவைப் பார்த்தார். நிலா ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தாள். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவது ஷெர்வினுக்குத் தெரிந்தது.

“சொல்லும்மா. இன்னா நடந்துச்சு?”

சின்னம்மா ஹாலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள்.

“மொதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க டாக்டர்,” என்றாள்.